பழைய ஜீப் வாங்கப் போகிறீர்களா?

உழவு மாடு பிடிப்பதற்காகச் சந்தைக்குப் போகும் குடியானவரை நேயர்கள் கவனித்திருக்கலாம். அவர் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், குளம்பைத் தூக்கிப் பார்ப்பார், பத்தடி நடக்கவிட்டும் பார்ப்பார். கொம்பில் பூசியிருக்கும் வர்ணத்தையும் கழுத்தில் தொங்கும் சலங்கையையும் மட்டும் அவர் சட்டை செய்வதில்லை. வர்ணமும் சலங்கையும் தரகருடைய கைவரிசை, மாட்டின் லக்ஷணம் அல்ல என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

இப்பேர்ப்பட்ட பரம்பரையில் வந்த நாம், பழைய ஜீப் வாங்கப் புறப்படும்போது மாத்திரம் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் வர்ணத்தைப் பார்க்கிறோம். பிறகு பெரிய பெரிய டயர்களைப் பார்த்து வியக்கிறோம். அதற்குப் பிறகு எஞ்சின் உறுமுவதைக் கேட்டு மெய்ம்மறக்கிறோம். வண்டியின் அடியில் குனிந்து பார்ப்பதற்கு வேட்டி இடம் கொடுப்பதில்லை. வண்டியின் காகிதங்களையோ, பணம் கைமாறி, வீட்டு வாசலில் வண்டி வந்து நின்று, அக்கம்பக்கத்துக் குழந்தைகள் எல்லாம் ஏறிக் குதித்து இறங்கிய பிறகுதான் எடுத்துப் படிக்கிறோம்.

பார்க்கவேண்டிய வரிசை இதற்கு நேர் விரோதமானது. முதலில் காகிதம்; இரண்டாவது சட்டம், அதாவது வண்டியின் அஸ்திவாரமாகிய சேஸிஸ்; மூன்றாவது யந்திரம்; கடைசியில்தான் வர்ணம். இந்த வரிசையை மறவாமல் இருப்பவர் பாதி நஷ்டத்திலிருந்து தப்பியவர் ஆவார். மற்றப் பாதி, வாங்கிய பிறகு அவர் வண்டியை எப்படி வைத்துக் கொள்கிறார் என்பதைப் பொறுத்தது.

யுத்தத்தில் பிறந்த வண்டி

ஜீப்பின் சரித்திரத்தைக் கொஞ்சம் தெரிந்து கொண்டால் அதன் சுபாவமும் விளங்கும். 1940-ஆம் வருஷத்தில் அமெரிக்க ராணுவத்தார், எந்தக் கரடுமுரடான பூமியிலும் ஓடக்கூடிய சிறிய வண்டி ஒன்று உடனே வேண்டும் என்று கேட்டார்கள். பாண்டம் என்னும் சிறிய கம்பெனிக்காகக் கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற என்ஜினீயர் முதல் வண்டிக்கு உருவம் கொடுத்தார். பிறகு வில்லிஸ், போர்டு ஆகிய கம்பெனிகள் அதைப் பெருவாரியாகச் செய்தன. யுத்தம் முடிவதற்குள் ஆறு லக்ஷத்துக்கு மேற்பட்ட ஜீப்புகள் வெளிவந்துவிட்டன.

நமது தேசத்தில் 1945-ஆம் வருஷம் லூதியானாவில் மஹிந்திரா அண்டு முகம்மது என்ற கம்பெனி இரும்பு வியாபாரத்துக்காக ஏற்பட்டது. மஹிந்திரா சகோதரர்களுக்குக் கூட்டாளியாக இருந்த குலாம் முகம்மது, தேசப் பிரிவினைக்குப் பிறகு பாகிஸ்தானத்தின் முதல் நிதி மந்திரியாகவும் பின்னர் கவர்னர் ஜெனரலாகவும் ஆனார். கம்பெனி 1948-ல் மஹிந்திரா அண்டு மஹிந்திரா என்று பெயர் மாறியது. 1940-களின் கடைசியில், அமெரிக்காவிலிருந்து வந்த உறுப்புகளைப் பம்பாயில் பூட்டி ஜீப் செய்ய அது ஆரம்பித்தது. நாளடைவில் அந்த உறுப்புகள் எல்லாம் இங்கேயே தயாராகத் தொடங்கின. மூக்கு உயர்ந்த ஸி.ஜே. 3-பி என்ற மாதிரி அமெரிக்காவில் 1968-ல் நின்று போயிற்று. அதன் வம்சமோ இந்தியாவில் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் தழைத்தது. 1980-களில் பியூஜோ வகை டீஸல் எஞ்சின் பூட்டிய ஜீப்புகள் வந்தன. 1985-ன் கடைசியில் மாருதி ஜிப்ஸி பிறந்து, 1996-ல் 1,300 ஸி.ஸி. எஞ்சினைப் பெற்று, 2019 வாக்கில் பொதுமக்களுக்கு விற்பனையிலிருந்து விடைபெற்றது.

இன்று பழைய நான்கு சக்கர விசை வண்டி என்று விலைக்கு வருவனவற்றில் பெரும்பாலானவை இவ்விரண்டு குலங்களைச் சேர்ந்தவை. இவற்றில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு: உதிரி பாகங்கள் இன்னமும் கிடைக்கின்றன, பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். முதன்முதலாக வாங்குகிறவர், எங்கோ அபூர்வமாய்ப் பிறந்த அயல்நாட்டு வண்டியைத் தேடிப் போகாமல் இவற்றோடு திருப்தியடைவது விவேகம்.

நான்கு சக்கர விசை என்பது யாது?

சாதாரண மோட்டாரில் எஞ்சினுடைய சக்தி இரண்டு சக்கரங்களுக்கு மட்டும் போகிறது. ஜீப்பில், வேண்டும்போது நான்குக்கும் போகிறது. கியர்ப் பெட்டிக்குப் பின்னால் டிரான்ஸ்பர் கேஸ் என்ற இன்னொரு பெட்டி இருக்கிறது. அதன் நெம்புகோலை நகர்த்தினால் முன் சக்கரங்களும் சேர்ந்து உழைக்கும். மற்றொரு நிலையில் வைத்தால் வேகம் குறைந்து இழுப்பு மிகும். ஸி.ஜே. 3-பி வண்டியில் இந்தக் குறைப்பு சுமார் 2.46 மடங்கு. மாடு மெதுவாக நடந்து பாரம் இழுப்பது போல், வண்டியும் ஆள் நடக்கும் வேகத்தில் செங்குத்தான மேட்டில் ஏறும்.

இதில் முதல்முறை வாங்குகிறவர்கள் அறியாத நுட்பம் ஒன்று உண்டு. கோயிலில் குடும்பத்தோடு கை கோத்துக்கொண்டு பிரதக்ஷிணம் வரும்போது, மூலையில் திரும்புகையில் வெளிப்புறம் நடப்பவர் அதிக தூரம் நடக்க வேண்டியிருக்கிறது அல்லவா? வண்டி வளையும்போதும் அப்படித்தான். ஒவ்வொரு சக்கரமும் ஒவ்வொரு தூரம் ஓடுகிறது. இடது வலது சக்கரங்களுக்குள் இந்த வித்தியாசத்தை ஈடு செய்வதற்கு அச்சின் நடுவில் டிபரன்ஷியல் என்ற ஏற்பாடு இருக்கிறது. ஆனால் பழைய ஜீப்பிலும் ஜிப்ஸியிலும் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே அத்தகைய ஏற்பாடு கிடையாது. ஆகையால் சேற்றிலும் மணலிலும் சரளையிலும் மட்டுமே நான்கு சக்கர விசையைப் பூட்ட வேண்டும். அங்கே சக்கரம் சிறிது வழுக்கிக் கணக்கை நேர் செய்துகொள்ளும். காய்ந்த தார் ரஸ்தாவில் பூட்டி ஓட்டினால், வழுக்க இடமில்லாமல் ஷாஃப்டுகளும் பல்சக்கரங்களும் முறுக்கிக் கொள்ளும், டயர் தேயும், நெம்புகோலைத் திரும்ப எடுக்கவே வராது. கடைசியில் ஏதாவது ஒன்று முறியும்.

ஜீப் உருவம் கொண்டதெல்லாம் நான்கு சக்கர விசை உள்ளதும் அல்ல. பின் சக்கர விசை மட்டுமே கொண்ட ஜீப்புகள் நமது நாட்டில் ஏராளமாக விற்பனையாயின. கண்டுபிடிப்பது சுலபம். வண்டியின் முன்னால் குனிந்து பாருங்கள். பின் அச்சில் இருப்பது போலவே முன் அச்சிலும் பானை வயிறுபோல் ஓர் உருண்டை இருக்க வேண்டும். அது இல்லையென்றால், உள்ளே எத்தனை நெம்புகோல்கள் நீட்டிக்கொண்டிருந்தாலும் பயனில்லை.

முதலில் காகிதம்

விற்பவர்களில் சிலருடைய வாசாலகத்துக்கு ஈடு இணையே கிடையாது. "ஸார், இது மிலிட்டரி வண்டி ஸார்! கர்னல் ஒருத்தர் கையிலேயே இருந்தது. புஸ்தகம் எல்லாம் பக்காவா இருக்கு, பேர் மாத்தறது ஒரு நாள் வேலை" என்பார்கள். கர்னல் நல்லவராகவே இருக்கட்டும். நாம் பார்க்க வேண்டியது ஆர்.ஸி. புஸ்தகத்தை.

அதில் உள்ள சேஸிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் வண்டியில் பொறித்திருக்கும் நம்பர்களோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். நம்பர் இருக்கும் இடத்தில் துருவைத் துடைத்துவிட்டு, வெளிச்சத்தில் கண்ணால் பார்க்க வேண்டும். அந்த இடத்தைச் சுற்றிப் புதிதாக வெல்டிங் வைத்த அடையாளமோ, அரத்தால் ராவிய அடையாளமோ தென்பட்டால், விற்பவருக்கு நமஸ்காரம் செய்துவிட்டு வீடு திரும்புவதே உசிதம்.

அடுத்தது எரிபொருள். பெட்ரோல் வண்டியாகப் பிறந்து, நடுவயதில் டீஸல் எஞ்சின் பூட்டிக்கொண்ட ஜீப்புகள் அநேகம். அந்த மாற்றம் புஸ்தகத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, வண்டியைத் தயாரித்தவர்கள் கொடுத்த அமைப்பை இஷ்டம்போல் மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டார் இதை வற்புறுத்தித் தீர்ப்புச் செய்திருக்கிறார்கள். ஹரியாணாவில் உள்ள மண்டி டப்வாலி, பழைய உறுப்புகளைக் கொண்டு அழகான ஜீப்புகளை உருவாக்கும் பட்டறைகளுக்குப் பேர்போன ஊர். அங்குள்ள தொழிலாளிகளின் கைத்திறனைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம். ஆயினும் அத்தகைய வண்டி எங்கிருந்து வந்தாலும், புஸ்தகத்தில் எழுதியிருக்கும் வண்டியும் எதிரே நிற்கும் வண்டியும் ஒன்றுதானா என்ற கேள்வியைக் கேட்டே தீர வேண்டும்.

வயதின் கணக்கும் உண்டு. சொந்த உபயோக வண்டியின் ரிஜிஸ்திரேஷன் 15 வருஷத்துக்குச் செல்லும். அதன் பிறகு பரீக்ஷைக்குக் கொண்டு போய்க் காட்டி 5 வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். 2022-லிருந்து இதற்கான கட்டணங்கள் கணிசமாக உயர்ந்திருக்கின்றன. தமிழ்நாட்டில் பசுமை வரியும் உண்டு. வேறு ராஜ்யத்திலிருந்து வந்த வண்டிக்கு அங்குள்ள ஆபீஸின் தடையில்லாச் சான்று வேண்டும். விற்றவர் 14 நாளைக்குள்ளும் வாங்கியவர் 30 நாளைக்குள்ளும் உரிமை மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும் என்பது உள்ளூர் விற்பனைக்கான விதி. பாங்குக் கடன் பாக்கியிருந்தால் அது தீர்ந்ததற்கான கடிதத்தையும் கையோடு வாங்கிக்கொள்ள வேண்டும். ராணுவம் கழித்துவிட்ட வண்டியானால் ஏலப் பத்திரங்கள் முழுமையாக இருக்கின்றனவா என்று பார்ப்பது அவசியம்.

50 வயது தாண்டிய வண்டிக்கு 2021-ல் ஏற்பட்ட விதிகளின்படி "விண்டேஜ்" என்ற தனி அந்தஸ்து கிடைக்கிறது. ஆனால் அந்த அந்தஸ்தைப் பெற்ற வண்டியைத் தினசரி காரியங்களுக்கு ஓட்டக்கூடாது. காட்சிக்கும் ஊர்வலத்துக்குமே அது உரியது. கறிகாய் வாங்க ஜீப்பில் போக விரும்புகிறவர்கள் இதை யோசித்துக்கொள்ள வேண்டும்.

குனிந்து பாருங்கள்

காகிதம் திருப்தியளித்தால், பழைய பாய் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்ப்பதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. நமக்காக ஒரு நல்ல மெக்கானிக் படுத்துப் பார்த்தால் இன்னும் சிலாக்கியம். ஆனால் அந்த மெக்கானிக் விற்பவருடைய சிநேகிதராக இருக்கக் கூடாது. அவருக்கு ஒரு நாள் கூலி கொடுத்து அழைத்துப் போவதைப் போன்ற லாபகரமான செலவு வேறு கிடையாது.

ஜீப்பின் முதுகெலும்பு, முன்னிருந்து பின்வரை ஓடும் இரண்டு இரும்புச் சட்டங்கள். சேறும் ஈரமும் தங்குகிற இடங்களில் அவை உள்ளிருந்து துருப்பிடிக்கும். கடற்கரை ஊர்களில் ஓடிய வண்டியானால் இரண்டு மடங்கு ஜாக்கிரதை வேண்டும். சிறிய சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போனால், நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இரும்பு மொத்தென்று சப்திக்கும். ஸ்பிரிங் பட்டைகள் பிணைக்கப்பட்டிருக்கும் இடங்களையும், ஸ்டியரிங் பெட்டி பொருத்தியிருக்கும் இடத்தையும் தனியாகக் கவனிக்க வேண்டும். அங்கே வெடிப்போ ஒட்டு வேலையோ இருந்தால் அது உயிர் சம்பந்தமான விஷயம்.

மேல் தகட்டின் நிலைமையை அறிவதற்குச் சிறிய காந்தம் ஒன்று போதும். பட்டி பூசி மறைத்த இடத்தில் காந்தம் ஒட்டாது. தகடு கெட்டிருப்பதால் மட்டும் பயப்பட வேண்டியதில்லை. ஜீப்பின் தகடு தட்டையானது. டிங்கர் வேலைக்காரர் வெட்டி ஒட்டிவிடுவார். சட்டம் கெட்டிருந்தாலோ வண்டியே கெட்டது.

பிறகு எண்ணெய்க் கசிவுகளைப் பார்க்கலாம். பழைய ஜீப்பின் அடியில் கொஞ்சம் ஈரம் இருப்பது அதிசயமல்ல. சொட்டுச் சொட்டாக விழுவதுதான் அபாய அறிவிப்பு. முன் சக்கரங்களின் உள்பக்கத்தில் உருண்டையான மூட்டு இருக்கிறது. அதன் ஸீல் கிழிந்து எண்ணெய் வெளியே வந்தால் பிரேக்கும் நனைந்து போகும். முன் சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கிங் பின்னும் பேரிங்கும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று தெரியும். ஷாஃப்டைக் கையால் பிடித்துத் திருகினால் கிராஸ் போயிருப்பதும் தெரிந்துவிடும்.

ஓட்டிப் பாருங்கள்

விற்பவரிடம், "நாங்கள் வருவதற்கு முன் எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று சொல்லி வைக்க வேண்டும். போனவுடன் பானெட்டின் மேல் கையை வைத்துப் பார்க்கலாம். சூடாக இருந்தால் விற்பவர் கொஞ்சம் முன்னேற்பாடு செய்திருக்கிறார் என்று அர்த்தம். குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதில்தான் அதன் உண்மையான ஆரோக்கியம் இருக்கிறது.

புகை ஜாதகம் சொல்லும். நீலப் புகை விடாமல் வந்தால் எஞ்சின் எண்ணெயைக் குடிக்கிறது. கறுப்புப் புகை எரிபொருள் அதிகமாகப் போவதைக் காட்டும். சூடான பிறகும் வெண்புகை நில்லாவிட்டால் தண்ணீர் உள்ளே போகிறதா என்று ஆராய வேண்டும். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்து, அங்கிருந்து புகை குபுகுபுவென்று எழும்பினால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன என்று கொள்ளலாம்.

ஓட்டும்போது, வேகமெடுத்துவிட்டு ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று விட்டால் கியர் தானாக வெளியே குதிக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய மூன்று கியர் ஜீப்பில் முதல் கியரை, வண்டி அநேகமாக நின்ற பிறகே போட வேண்டும். அது கரகரவென்று சப்தமிட்டால் உடனே குற்றம் சாட்ட வேண்டாம். அதன் அமைப்பே அப்படி. ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் அசைக்கும்போது சக்கரம் திரும்பாமல் கை மட்டும் வெகுதூரம் போகக் கூடாது. பிறகு மணலோ புழுதியோ உள்ள இடத்துக்குப் போய், நான்கு சக்கர விசையைப் பூட்டி நகர்த்திப் பாருங்கள். கூட வந்தவர் ஓரமாக நின்று முன் ஷாஃப்ட் சுழல்வதையும் முன் சக்கரங்கள் மண்ணை வாரித் தள்ளுவதையும் பார்த்துச் சொல்லலாம். "போன மாசம்கூடப் போட்டேன், நல்லாத்தான் இருந்தது" என்ற வாய்மொழிச் சாக்ஷியத்தை ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

விலை என்பது பாதி விலை

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று சொன்னவர்கள் ஜீப்பைப் பார்த்ததில்லை. ஆனாலும் என்ன தீர்க்கதரிசனம்! கையில் உள்ள தொகை முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடுகிறவர், வண்டியை வாங்கி வாசலில் நிறுத்தி வைக்க வேண்டியதுதான். பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்கையாவது தனியே முடிந்து வைத்துக்கொண்டு, பாக்கியைக் கொண்டுதான் பேரம் பேச வேண்டும். வாங்கிய முதல் மாதத்திலேயே பிரேக், டயர், ரப்பர்க் குழாய்கள், பாட்டரி, எல்லா எண்ணெய்களும் என்று செலவு வரிசையாக வந்து நிற்கும். இது வண்டியின் குற்றமல்ல, அதன் வயது.

செலவிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் நிறுத்துகிற உறுப்புகள். அடுத்து திருப்புகிற உறுப்புகள். அதன் பிறகு ஓட்டுகிற உறுப்புகள். அழகு செய்கிற உறுப்புகள் எல்லாவற்றுக்கும் பின்னால். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் இறங்கப் போகிற குடும்பஸ்தர், பிரேக் மாஸ்டர் ஸிலிண்டருக்கு முன்னால் மஞ்சள் விளக்குகளுக்குப் பணம் செலவிட்டால் அதை என்னவென்று சொல்வது?

ஐந்து எண்ணெய்கள்

ஜீப் வைத்திருப்பவர் ஐந்து இடங்களை மறக்கலாகாது: எஞ்சின், கியர்ப் பெட்டி, டிரான்ஸ்பர் கேஸ், முன் டிபரன்ஷியல், பின் டிபரன்ஷியல். சாதாரண மோட்டார்க்காரர்களுக்கு முதல் ஒன்றுதான் ஞாபகம் இருக்கும். மற்ற நான்கையும் மறந்த பாவத்துக்கு ஜீப்க்காரர் ஒரு நாள் மொத்தமாகப் பிராயச்சித்தம் செய்ய நேரிடும். வாங்கியவுடன், விற்பவர் என்ன சொன்னாலும், ஐந்தையும் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுவது நலம். வடித்த எண்ணெயை ஒரு தட்டில் பிடித்து வெயிலில் பாருங்கள். இரும்புத் துகள் மினுமினுத்தால் உள்ளே பல்சக்கரம் தேய்கிறது. பால் கலந்த காப்பிபோல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஆற்றையோ ஓடையையோ ஆழமாகக் கடந்து வந்த ஒவ்வொரு தடவைக்குப் பிறகும் இந்தப் பரிசோதனை அவசியம்.

அடியில் உள்ள கிரீஸ் முனைகளுக்குச் சுமார் 1,500 கிலோமீட்டருக்கு ஒரு முறையும், சேற்றில் ஓடியிருந்தால் வீடு வந்ததும், கிரீஸ் அடிக்க வேண்டும். புது கிரீஸ் உள்ளே போகும்போது பழைய கிரீஸ் அழுக்கோடும் தண்ணீரோடும் வெளியே வருகிறது. ஆகவே அது மூட்டுகளுக்கு எண்ணெய் ஸ்நானம் செய்வித்த மாதிரி.

டயர்கள் நான்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். தேய்மானத்திலும் பெரிய வித்தியாசம் கூடாது. முன் இரண்டு புதியவை, பின் இரண்டு மொட்டை என்றால், பூட்டிய நிலையில் முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு டிரான்ஸ்பர் கேஸைச் சிரமப்படுத்தும்.

பெட்ரோல் வண்டிக்காரர்களுக்கு மற்றொரு எச்சரிக்கை. 2025-ல் நாடெங்கும் 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வழக்கத்துக்கு வந்துவிட்டது. பழைய வண்டிகளின் ரப்பர்க் குழாய்களும் கார்புரேட்டரின் ரப்பர் உறுப்புகளும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் ஈரத்தையும் ஈர்க்கும். எனவே குழாய்களை இந்தப் பெட்ரோலைத் தாங்கும் ரகமாக மாற்றி, டாங்கியைத் துருவின்றிச் சுத்தம் செய்து, வண்டியை மாதக்கணக்கில் ஓட்டாமல் போட்டு வைக்காதிருப்பது நல்லது. பெட்ரோல் குழாயில் ஒரு சிறு வெடிப்பு, சூடான எஞ்சினுக்குப் பக்கத்தில் எவ்வளவு பெரிய விபரீதத்தை விளைவிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஓட்டாமல் வைப்பது வண்டிக்குச் செய்யும் உபசாரம் அல்ல. பதினைந்து நாளைக்கு ஒரு முறையாவது எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை ஓட்ட வேண்டும். மாதம் ஒரு முறை, மண் தரையில் நூறு அடி தூரம் நான்கு சக்கர விசையையும் பூட்டி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால், தேவைப்படும் நாளில் நெம்புகோல் அசைந்து கொடுக்காது.

நான்கு சக்கரமும் நமது தலையும்

ஜீப் எங்கேயும் போகும் என்ற நம்பிக்கை அநேகரைப் பள்ளத்தில் கொண்டுபோய் விட்டிருக்கிறது. நான்கு சக்கர விசை வண்டியை ஓடச் செய்யும், நிற்கச் செய்யாது. பிரேக் எல்லா மோட்டார்களுக்கும் நான்கு சக்கரத்தில்தான் இருக்கிறது. அதிலும் பழைய ஜீப்பின் டிரம் பிரேக்குகள் இக்காலத்துக் கார்களைப் போல் பிடிப்பதில்லை. தண்ணீரில் இறங்கி எழுந்தால் சிறிது நேரம் பிடிக்கவே மாட்டா. கரையேறியதும் பிரேக்கை லேசாக அழுத்திக்கொண்டே மெதுவாக ஓட்டி உலர்த்த வேண்டும்.

ஸி.ஜே. 3-பி ஜீப்பின் முன் பின் அச்சுகளுக்கு இடையே உள்ள தூரம் 80 அங்குலம்தான். உயரமோ அதிகம். சடக்கென்று திருப்பினால் கவிழும் சுபாவம் அதற்கு உண்டு. மலைச்சரிவில் நேராக ஏறலாம், நேராக இறங்கலாம். குறுக்கே போவதுதான் ஆபத்து. ஏறும்போது எந்தக் கியர் தேவையோ அதே கியரில் இறங்க வேண்டும். தார் ரஸ்தாவில் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் அதை விரட்டாமலிருப்பது அதற்கும் நமக்கும் க்ஷேமம். பின்னால் பக்கவாட்டு ஆசனங்களில் குழந்தைகளை உட்கார வைத்து வேகமாகப் போவது வேடிக்கை அல்ல. ஆசனப் பட்டிகளும், தலைக்கு மேல் உறுதியான இரும்பு வளையமும் என்ன முறையில் பொருத்தலாம் என்பதை ஆர்.டி.ஓ. ஆபீஸில் விசாரித்துக்கொண்டு செய்ய வேண்டும்.

வண்டியைக் காப்பவர் யார்?

மேற்கு வங்காளத்தில் மானேபஞ்சன் என்ற மலையூரிலிருந்து 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்ஃபூவுக்குச் செல்லும் பாதையில், 1950-களில் பிறந்த லாண்ட் ரோவர் வண்டிகள் பல பத்தாண்டுகளாகப் பிரயாணிகளை ஏற்றிச் சென்றிருக்கின்றன. நமது தேனி ஜில்லாவின் எல்லையில் உள்ள கொளுக்குமலைக்குச் சூரியநெல்லியிலிருந்து ஏறும் கல்பாதையில் பழைய மஹிந்திரா ஜீப்புகள்தான் யாத்ரீகர்களுக்குத் துணை. அந்த வண்டிகள் அழகுப் போட்டிக்குப் போனால் ஆறுதல் பரிசுகூட வாங்க மாட்டா. ஆனால் அவற்றை ஓட்டுகிறவர்களுடைய பிழைப்பு அவற்றில் இருக்கிறது. ஆகையால் ஒவ்வொரு சப்தமும் அவர்களுக்குத் தெரியும்; நேற்று இல்லாத சப்தம் இன்று கேட்டால் உடனே இறங்கிப் பார்ப்பார்கள். பழைய வண்டி நீடித்து உழைப்பதன் ரகசியம் இதுதான்.

எனவே வண்டியைத் தேடுவதற்கு முன் மெக்கானிக்கைத் தேடுங்கள். கார்புரேட்டரைக் காதால் கேட்டே சரி செய்யக்கூடிய வயதான தொழிலாளி ஒருவர் அநேகமாக ஒவ்வொரு ஊரிலும் எங்காவது ஒரு மரத்தடிப் பட்டறையில் இருப்பார். அவருடைய வித்தை புஸ்தகத்தில் ஏறவில்லை. கற்றுக்கொள்ள வரும் பையன்களோ குறைந்து வருகிறார்கள். அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று ஸ்பானரை எடுத்துக் கொடுங்கள், கேள்வி கேளுங்கள், கேட்டதை ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் தேதி போட்டு எழுதி வையுங்கள். என்ன மாற்றினோம், எத்தனை கிலோமீட்டரில் மாற்றினோம், எங்கே உறுப்பு கிடைத்தது என்ற விவரங்கள் அதில் இருக்கட்டும். சென்னைப் புதுப்பேட்டையில் ஒரு நாள் முழுவதும் அலைந்து கண்டுபிடித்த சிறு வளையத்தின் நம்பரை எழுதி வைக்காதவர், மறுபடியும் ஒரு நாள் அலைவார். வீட்டில் பிள்ளையோ பெண்ணோ உற்சாகமாக இருந்தால் அவர்களிடம் அந்த நோட்டை ஒப்படைக்கலாம். யந்திர சாஸ்திரத்துக்கு இதைவிட நல்ல பால பாடம் கிடைப்பது அரிது.

மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைக் கையில் கிரீஸோடு கழிப்பதற்கு உங்களுக்குச் சம்மதமா? வீட்டில் உள்ளவர்களுக்கும் சம்மதமா? இரண்டு கேள்விகளுக்கும் "ஆம்" என்று பதில் வருமானால் தாராளமாகப் பழைய ஜீப் வாங்கலாம். பதிலில் சிறிது தயக்கம் இருந்தாலும், மலைக்குப் போகும் நாளில் வாடகை ஜீப் ஒன்றை அமர்த்திக்கொள்வது மேல். அதன் ஐந்து எண்ணெய்களைப் பற்றிய கவலை அதை ஓட்டுகிறவருக்கு இருக்கும். மலையைப் பார்க்கும் வேலை ஒன்றுதான் நமக்கு.